பயத்துக்கு எத்தனை பாகம்?

எங்கள் உளநலப் பிரிவுக்குக் கைக்கணினி வந்துவிட்டதாம். சிகிச்சைக்கு வருகிறவர் தன் மனம் எப்படி இருக்கிறது என்று இனி வாயால் சொல்ல வேண்டியதில்லை. திரையில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை பதினொரு முகங்கள் வரும். ஒன்றைத் தொட்டால் போதும். பிரிவின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த இளம் உத்தியோகத்தர் அதை எனக்குக் காட்டிவிட்டு, "சேர், இனிப் பிழையே வராது" என்றார். அவ்வளவு பெரிய சந்தோஷத்தைக் கெடுக்கும் அதிகாரம் ஓய்வுபெற்ற சிகிச்சையாளனுக்கு இல்லை. "ரெண்டு பக்கம் காணும் சேர். உங்கடை சாதனையளை எழுதுங்கோ" என்றும் சொன்னார். என் சாதனைகளுக்கு இரண்டு பக்கம் அதிகம். ஆகவே ஒரு பிழையை எழுதுகிறேன். அதற்கு இரண்டு பக்கம் போதாது என்பதை மலர்க்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக் காலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்; விரிவாகச் சொன்னால் முடியாது, ஏனென்றால் அது முடியவே இல்லை. போரும் கடலும் மாறி மாறி எங்களை அடித்த ஆண்டுகளில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பயிற்சி தர ஒரு வெளிநாட்டு வளவாளர் வந்தார். ஒவ்வொருவரும் ஒரு புதிய சிகிச்சை முறையும் எங்களுக்கு ஒரு சான்றிதழும் கொண்டு வந்தார். ஒருவர் மூச்சை உள்ளே பிடித்து வைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு வந்தவர் பிடித்து வைக்கவே கூடாது என்றார். இடைப்பட்ட ஓராண்டு பிடித்து வைத்திருந்தவர்களை என்ன செய்வது என்று இருவரும் சொல்லவில்லை. "கண்ணை மூடி, உங்களுக்கு மிகவும் பாதுகாப்பான ஓர் இடத்தை நினையுங்கள்" என்று இன்னொருவர் சொன்னபோது, பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் பங்கரை நினைத்தோம். வீட்டு வளவில் நாங்களே வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்ட பதுங்குகுழி. வளவாளர் அருவியோ பூந்தோட்டமோ எதிர்பார்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் சங்கடப்பட்டுப் பதினொரு பங்கரையும் பூந்தோட்டம் என்றே மொழிபெயர்த்துவிட்டார். எங்கள் மனம் எவ்வளவு மலர்ந்திருக்கிறது என்று அந்த வளவாளர் தன் அறிக்கையில் எழுதியிருக்கக்கூடும்.

பிறகு, கண்ணுக்கு முன்னால் விரலை இடமும் வலமும் அசைத்து, அதைக் கண்ணால் தொடர்ந்தபடியே பழைய சம்பவத்தை நினைக்கச் சொல்லும் முறை வந்தது. நல்ல முறைதான், பலருக்கு உதவுவதைப் பின்னாளில் கண்டிருக்கிறேன். நான் முதன்முதலில் செய்தது உடுப்பிட்டியிலிருந்து வந்த ஒரு வெங்காயத் தோட்டக்காரருக்கு. நாற்பது நிமிடம் விரலை அசைத்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. முடிவில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு கண்ணும் வடிவாத் தெரியுது தம்பி. கண்ணாடி தேவையில்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ, மகள் நம்பமாட்டாள்" என்றார்.

எங்கள் பிரிவின் தலைவரைப் பெரிய டொக்டர் என்போம். ஆள் சின்ன உருவம். சைவம். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு மூன்று கோடும் அளவுகோல் வைத்துக் கீறியது போல இருக்கும். கோபப்பட்டு நான் கண்டதில்லை. கோபத்துக்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வி இருந்தது: "உமக்கு எப்பிடித் தெரியும்?" நாங்கள் எழுதும் ஒவ்வொரு கோப்பிலும், ஓரத்தில், பச்சை மையில் அதுதான் இருக்கும். 'நோயாளி இப்போது நன்றாக உறங்குகிறார்' என்று எழுதினால்: உமக்கு எப்படித் தெரியும்? 'மனைவி கூறினார்' என்று அடுத்த வரியில் எழுதினால்: அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு முறை நான் விடுமுறைக் கடிதத்தில் 'எனக்குக் காய்ச்சல்' என்று எழுதியதற்கும் அதே கேள்வி வந்தது. வெப்பமானி வைத்துப் பார்த்து இலக்கத்தை எழுதிய பிறகே விடுமுறை கிடைத்தது.

இலக்கம் என்றதும் அந்தர அளவைக்கு வருகிறேன். தவித்து அந்தரப்படுகிற மனத்தை அளக்கும் படிவம் அது. பூச்சியம் என்றால் அந்தரம் ஒன்றுமில்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக் கட்டத்தில் எழுத வேண்டும். பயத்துக்குச் செய்யும் சிகிச்சைக்கு இது உயிர்நாடி. எதைக் கண்டு பயமோ, அதைச் சிறிய படியிலிருந்து பெரிய படிக்கு ஒவ்வொன்றாக நேருக்கு நேர் பார்க்க வைப்பது. ஒவ்வொரு படியிலும் இலக்கம் ஏறி, பிறகு தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்க வைப்பது. இறங்குமுன் எழும்பிப் போனால் பயம் இரண்டு மடங்காகும். இறங்கிய பிறகு போனால் பாதியாகும். இவ்வளவுதான் முழுச் சிகிச்சையும். ஒரு பிள்ளையும் பிழைவிடாது.

சிக்கல் என்னவென்றால், யாழ்ப்பாணத்து ஆட்களிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பரீட்சைப் புள்ளி என்று நினைப்பார்கள். பாவம், சேர் கஷ்டப்படுகிறார் என்று "ஒரு ஒன்பதரை போடுங்கோ" என்பார்கள். ஆகவே ஆளுக்கு ஏற்ற மாதிரி அளவையை மாற்றிச் சொல்வது என் கெட்டித்தனமாக இருந்தது. அதற்குப் பண்பாட்டுத் தழுவல் என்று பெயர். அதற்கும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் குருநகரிலிருந்து மரியதாஸ் அண்ணை வந்து சேர்ந்தார். அழைத்து வந்தவர் மனைவி பிலோமினா அக்கா.

"சேர், இவர் கடல் தொழிலாளி. ஆனா கடலுக்குப் போகார்" என்றார் அக்கா. "வள்ளத்தடிக்குப் போவார், கால் வைப்பார், திரும்பி வந்து குந்துவார். சுனாமிக்குப் பிறகு உப்பிடித்தான். அது நடக்கேக்கை வடமராட்சி கிழக்கிலை கரையிலை வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்தவர், தம்பிக்காரனும் கூட. தம்பியைக் கடல் கொண்டு போட்டுது. இவ்வளவு வருசமாக் கரையிலை பொம்பிளையளோடை இருந்து கிழிஞ்ச வலை பொத்துறார். பொம்பிளையளே சொல்லுகினம், உன்ரை மனிசன் கதைக்கிறாரில்லை, அலுப்பாக்கிடக்குது எண்டு."

மரியதாஸ் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கைகள்; என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன.

"இப்ப வள்ளக்காரச் சம்மாட்டி கடைசியாச் சொல்லிப் போட்டார்" என்று அக்கா தொடர்ந்தார். "கோயில் திருநாளுக்குள்ளை இறங்காட்டி இவற்றை இடத்துக்கு வேறை ஆளாம். அது போனால் சேர், இவர் பிறகு ஆளில்லை."

திருநாளுக்கு நாலு மாதம் இருந்தது. எனக்கு இது பாடப் புத்தகத்தில் படம் போட்ட நோயாளி போலத் தெரிந்தார். கடல் பயம், கடலைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். அளவையைச் சொல்லிக் கொடுக்கும் முறை வந்தபோது என் கெட்டித்தனம் வேலை செய்தது. கடற்காரர்கள் ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி இத்தனை பாகம் என்பார்கள்.

"அண்ணை, உங்கடை மனசைக் கடல் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நான் கேக்கிற நேரம் எத்தினை பாகத்திலை நிக்கிறியள் எண்டு மட்டும் சொன்னாக் காணும். பூச்சியத்திலையிருந்து பத்து வரைக்கும். விளங்குதோ?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "விளங்குது சேர்" என்றார். நன்றாகவே விளங்கியிருந்தது. விளங்காதவன் நான்.

நான் நீர்வேலிக்காரன். எங்கள் வீட்டில் எனக்கு முந்திய எல்லாரும் வாழைத் தோட்டம். எனக்குத் தெரிந்த ஆழம் கிணற்றின் ஆழம் மட்டுமே. 'கிட்டப் போகாதை, ஆழம்' என்று கேட்டு வளர்ந்தவன். ஆழம் என்றால் பயம், கூடிய ஆழம் என்றால் கூடிய பயம். இதை யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதற்படி கற்பனை. கண்ணை மூடிக் கடலை நினைக்கச் சொன்னேன். "எத்தினை பாகம்?" "எட்டு, சேர்." எட்டு! கடுமையான நோயாளி. முறைப்படி, இறங்கும் வரை நினைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எட்டு. பத்து நிமிடத்தில் எட்டு. அரை மணித்தியாலத்தில் ஏழு, பிறகு ஐந்து, மூன்று, ஒன்றரை. கடைசியில் "அரை" என்றார். நான் பேனையை மூடிவிட்டு, "அந்தமாதிரி அண்ணை! அருமை! இண்டைக்குக் காணும்" என்றேன். அவருடைய சேட்டு நனைந்திருந்தது. குறிப்பில் 'வியர்வை: மின்விசிறி பழுது' என்று எழுதினேன். மின்விசிறி பழுது என்பதும் உண்மைதான்.

இப்படியே பதினொரு வாரம். கடற்படம், வீட்டில் தொங்கிய பழைய வலை, கரையோரத் தெரு, இறங்குதுறை. ஒவ்வொரு முறையும் எட்டிலும் ஏழிலும் தொடங்கி அரைக்கு இறங்கினார். அந்தக் கோடுகளை ஒரு வரைபடமாகக் கீறினேன். அவ்வளவு அழகான சரிவை நான் கண்டதில்லை. வெளிநாட்டு விருந்தினர் வந்திருந்த மாதாந்தக் கூட்டத்தில் அதைச் சுவரில் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள்.

பிலோமினா அக்கா கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. அடுத்த நாள் வந்தார்.

"சேர், கோவிக்காதேங்கோ. உங்களிட்டை வந்து போற நாளிலை இவர் சாப்பிடுறேல்லை. ராத்திரி எழும்பிக் கதவைத் திறந்து தண்ணி நிக்குதோ எண்டு பாக்கிறார்."

"ஆரம்பத்திலை அப்பிடித்தான் இருக்கும் அக்கா. கோடு இறங்குது, பாருங்கோ" என்று வரைபடத்தைக் காட்டினேன்.

அக்கா அதை நன்றாகப் பார்த்தார். "கோட்டுக்கு நல்ல சுகம் போலை" என்றார்.

கோப்பு பெரிய டொக்டரிடமிருந்து திரும்பி வந்தது. 'பயம் பெருமளவு நீங்கியுள்ளது' என்ற என் வரிக்குப் பக்கத்தில் பச்சை மை. இந்த முறை எனக்குக் கோபம் வந்தது. நேரே போய் வரைபடத்தை மேசையில் வைத்தேன்.

"இது நீர் கீறின கோடு" என்றார் அவர். "அந்த மனிசன் கடலுக்குப் போறாரோ?"

"இனித்தான் சேர்."

"அப்ப கூட்டிக்கொண்டு போமன்."

அப்படித்தான் நான் வாழ்க்கையில் முதன்முறையாக வள்ளத்தில் ஏறினேன். கடைசிப் படி இது: சிகிச்சையாளர் கூட இருக்க வேண்டும், அமைதியாக இருந்து காட்ட வேண்டும், இலக்கம் இறங்கும் வரை திரும்பக் கூடாது. வள்ளத்தை ஓட்ட அக்காவின் தம்பி ஜெறோம் வந்தார். கரையில் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளும்போது மரியதாஸ் அண்ணையின் முகம் சாம்பல் பூத்தது. ஜெறோம் அவரைக் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. நான் படிவத்தை எடுத்தேன்.

"எத்தினை பாகம் அண்ணை?"

"அரை" என்றார். பல் கிட்டியிருந்தது.

அரை! அருமையான தொடக்கம். வள்ளம் சேற்றுத் திட்டுகளைத் தாண்டி ஓடியது.

"இப்ப?"

"ஒண்டரை."

"இப்ப?"

"மூண்டு. நாலும் வரும் சேர்… இப்ப அஞ்சு."

ஏறுகிறது! எனக்கு அந்தரமாகிவிட்டது. இறங்கும் வரை இருக்க வேண்டும் என்ற விதியெல்லாம் மறந்து போயிற்று. "நிப்பாட்டுங்கோ! கரைக்குத் திருப்புங்கோ!" என்று கத்தினேன்.

"என்ன சேர், சத்தி வருதோ?" என்றார் ஜெறோம்.

"எனக்கில்லை. அவருக்குப் பயம் கூடுது."

"ஆருக்கு?" என்றார் மரியதாஸ் அண்ணை.

"உங்களுக்கு."

"எனக்கோ? நான் இப்பத்தான் சேர் மூச்சு விடுறன்."

"அஞ்சு எண்டு சொன்னியளே!"

"ஓம், அஞ்சு. வடிவாப் போகுது."

"அஞ்சு வடிவோ?"

"பேந்தென்ன? ஆழத்திலை என்ன சேர் பயம்? வள்ளம் அடி தட்டாது, அலை வந்து உடையாது."

ஜெறோம் இயந்திரத்தை நிறுத்தினார். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தான், சேர் வேறை ஏதோ கடல்லை நிக்கிறார்" என்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப பத்து எண்டால்?"

"பத்துப் பாகம் எண்டால் அடியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. நங்கூரத்தைப் போட்டிட்டுப் படுத்து நித்திரை கொள்ளலாம்."

"பூச்சியம்?"

வள்ளத்தின் விளிம்பில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. "பூச்சியம் எண்டால் தண்ணி இல்லை சேர்" என்றார் கடைசியில்.

சுனாமி வந்த அன்று காலை முதலில் கடல் உள்ளே போய்விட்டது என்று சொன்னார். வள்ளங்கள் மணலில் இருந்தன. ஒருநாளும் காணாத கற்களும் பாசியும் தெரிந்தன. மீன்கள் தரையில் துள்ளின. தம்பி சிரித்துக்கொண்டு ஓடிப் பொறுக்கினான். இவரும் கரையில் நின்று சிரித்தார். "அங்காலை பெரிசு கிடக்குது, அதையும் பொறுக்கடா எண்டு நான்தான் சேர் சொன்னனான்."

இவ்வளவு காலமும் இதை அவர் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய பயம் கடலில் இல்லை. வற்றில் இருந்தது, தண்ணீர் இறங்கிப் போகிற கரையில் இருந்தது. கடலுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கரைத் தண்ணீரைத்தான் தாண்ட வேண்டும். நானோ பதினொரு வாரமாக, அவர் நிம்மதியாக எட்டுப் பாகத்தில் மிதந்துகொண்டிருந்த ஒவ்வொரு முறையும் அவரை விடாமல் பிடித்து வைத்து, நினைவு அந்தக் காலைக்குத் திரும்பும் வரை நினைக்கச் செய்து, அரைப் பாகத்துக்கு இழுத்து வந்து, தண்ணீர் வற்றியதும் 'அந்தமாதிரி அண்ணை' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீங்கள் எத்தினை பாகம் எண்டுதானே கேட்டனீங்கள். அரை எண்டால் நல்லாச் சந்தோசப்பட்டியள். படிச்ச மனிசன், காரணமில்லாமல் சந்தோசப்படமாட்டார் எண்டு விட்டிட்டன்."

இதற்கு மேல் அமைதியாக இருந்து காட்ட என்னால் முடியவில்லை. உண்மையிலேயே சத்தி வந்தது. விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்த என் சேட்டை மரியதாஸ் அண்ணை பின்னால் பிடித்துக்கொண்டார். படிவம் பறந்து தண்ணீரில் விழுந்தது. அதன் பெறுமதிக்கு அது சரியான இடம்.

அடுத்த நாள் பெரிய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரைபடத்தை மேல்கீழாகப் புரட்டி, தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போது கோடு ஏறியது.

"இப்பிடியோ பாக்கவேணும்?"

"ஓம் சேர்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அவரிட்டைக் கேட்டனான்."

அவர் ஒரு முறை தலையாட்டிவிட்டு வரைபடத்தைத் திருப்பித் தந்தார். அவரிடம் அது பாராட்டு.

திருநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. படிகளைப் புதிதாக எழுதினோம். இந்த முறை அவர் சொல்ல நான் எழுதினேன். இடுப்புத் தண்ணீர், முழங்கால் தண்ணீர், கரண்டைக்கால் தண்ணீர், வெறும் சேறு. கடலேரியில் வற்று வரும் நேரம் பார்த்து இருவரும் இறங்கி நிற்போம். தண்ணீர் எங்களை விட்டுப் போகும். அவர் பாகம் இறங்கும். திரும்ப ஏறும் வரை நிற்க வேண்டும். முதல் நாள் சேறு என் செருப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டது. பிறகு நானும் வெறுங்காலோடு வந்தேன்.

வெறும் சேற்றில் நின்ற அன்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிறிய மீன் பள்ளத்தில் அகப்பட்டுத் துடித்தது. "பூச்சியம் சேர்" என்றார். "பூச்சியம். போவம்."

"நிண்டு பாப்பம் அண்ணை."

"போவம் எண்டு சொல்லுறன்!"

எனக்கும் போக வேண்டும் போலிருந்தது. மணிக்கட்டு கன்றிவிட்டது. தம்பியைப் பற்றிச் சொன்னார், திரும்பத் திரும்ப, முதலில் கத்தி, பிறகு அழுது, பிறகு சாதாரணமாக. வெயில் ஏறியது. கரையோர அணைக்கட்டில் நின்ற பிலோமினா அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டே, வேடிக்கை பார்க்கக் கூடிநின்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றேகால் மணித்தியாலம் கழிந்து அவர் என் கையை விட்டார். குனிந்து அந்த மீனை எடுத்தார். கொஞ்சத் தூரம் நடந்து, தண்ணீர் இருந்த இடத்தில் விட்டார்.

"எத்தினை அண்ணை?"

கால் விரல் நனையாத இடத்தில் நின்றுகொண்டு, "மூண்டு பாகம் சேர்" என்றார்.

அணைக்கட்டில் ஒரு கிழவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கேட்டியே, சேத்திலை நிண்டு மூண்டு பாகமாம். மற்றவர் அதை எழுதுறார். ஆர் டொக்டர், ஆர் விசரன்?"

திருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் சிகிச்சை முடிவுப் படிவத்தைப் பெரிய டொக்டருக்கு முன்னால் வைத்து நின்றேன். 'நோயாளி தொழிலுக்குத் திரும்பியுள்ளார்' என்று எழுதியிருந்தேன். அவர் பச்சைப் பேனையைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பிலோமினா அக்கா வந்தார். கையில் ஈரப் பை.

"இவர் தந்து விட்டவர்" என்று பையை மேசையில் வைத்தார். "ஆழத்திலை பிடிச்சதெண்டு நினையாதேங்கோ சேர். நண்டு வலை, அரைப் பாகத் தண்ணி. ஒரு கிழமையாத் தானே இறங்கி வள்ளம் தள்ளுறார். கெதியாச் சமையுங்கோ, ஆறும் உயிரோடை கிடக்குதுகள்." வந்த வேகத்தில் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. திருநீறு. சைவ மேசை. பை அசைந்தது.

படிவத்தின் கடைசியில் 'சான்றுகள் இருப்பின் இணைக்கவும்' என்று ஒரு வரி உண்டு. என் சேவைக்காலத்தில் யாரும் அதை நிரப்பி நான் கண்டதில்லை. பேனையை எடுத்து, 'இணைப்பு: நண்டு ஆறு, உயிருடன்' என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

பெரிய டொக்டர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தபடியே இரண்டு கால்களையும் மெல்ல மேலே தூக்கிக்கொண்டு, என் வரிக்குக் கீழே பச்சை மையில் எழுதினார்:

'ஐந்து. ஒன்று மேசைக்குக் கீழே நிற்கிறது.'

கையொப்பமிட்டார். கேள்வி கேட்கவில்லை.